பழைய வெட்டை நோயால் பிள்ளை இல்லாமல் போகுமா?

கேள்வி: வயது 35. எட்டு வருடங்களுக்கு முன் வெட்டை நோய் (கொனோரியா) வந்து, ஊசி போட்டுக் குணமானது. கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் குழந்தை இல்லை. அதுதான் காரணமா? தெரிந்தவர் ஒருவர் ‘விந்து சுத்திகரிப்பு’ மருந்து வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? – வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வாங்காதீர்கள். விந்தைச் சுத்தம் செய்கிற மாத்திரையும் இல்லை, லேகியமும் இல்லை. கிருமி இருந்தால் ஆன்டிபயாட்டிக் கொல்லும். அடைப்பு இருந்தால் எந்தப் பொடியும் அதைக் கரைக்காது. இப்படிக் கைமாறும் ‘ஆண்மை’ சரக்குகளில் சொல்லாமல் கலந்த மருந்துகள் இருப்பதாகச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துவிட்டது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி இன்னும் மோசம். அது வெளியிலிருந்து உடம்புக்குள் போனால், விந்தணு உற்பத்தி செய்யச் சொல்லி மூளை அனுப்பும் உத்தரவு நின்றுவிடும். பிள்ளைக்காக ஊசி போட்டு, இருந்ததையும் இழந்தவர்கள் உண்டு. ஏற்பாடு செய்பவருக்குக் கமிஷன் வந்தால் போதும், உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் என்ன, பிறக்காவிட்டால் என்ன!

சரி, பழைய நோய்க்கு வருவோம். உடனே ஊசி போட்டிருந்தால் பெரும்பாலும் பாதிப்பு இருக்காது. ஆனால் அப்போது விதைப்பை வீங்கி வலித்ததா? நன்றாக யோசியுங்கள். விதையின் பின்னால் சுருண்டிருக்கும் மெல்லிய குழாய்க்குள் கிருமி ஏறியிருந்தால், புண் ஆறும்போது தழும்பு விழுந்து வழி அடையலாம். ஒரு பக்கம் மட்டும் அடைத்திருந்தால் மறுபக்கம் சமாளித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் அடைத்திருந்தால் விந்து வரும், அதில் அணு இருக்காது. அப்போதும் கதை முடிந்துவிடாது: உற்பத்தி நடந்துகொண்டுதான் இருக்கும், ஊசியால் எடுத்துச் சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம்.

இன்னொன்று, கிளமீடியா என்ற பால்வினைத் தொற்று. பல நேரம் கொனோரியாவுடன் சேர்ந்தே வரும், ஆண்களுக்குப் பல நேரம் அறிகுறியே காட்டாது. அப்போது அதற்குத் தனியாக மாத்திரை தரவில்லை என்றால், அது இன்னும் இருக்குமோ என்ற சந்தேகம்தான். உங்கள் மனைவிக்குத் தொற்றினால் அவருடைய கருக்குழாய் கெடலாம். அதனால் இருவருமே பரிசோதித்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் முதலில் மனைவியை ஸ்கேன் ஸ்கேனாக அலைய விட்டு, கடைசியில்தான் கணவனிடம் விந்து கேட்கிறார்கள். எனக்கு இது புரிந்ததே இல்லை.

கிளாந்தான் லேனில் இருக்கும் பால்வினை நோய்க் கிளினிக்கில் சிறுநீர்ச் சோதனை செய்யலாம். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காதீர்கள். விந்துப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். ஒரு ரிப்போர்ட் மோசமானால் இடிந்துபோகாதீர்கள். விந்தணு உருவாகவே ஏறக்குறைய இரண்டரை மாதமாகும், 3 மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

மருத்துவமனைக்கு நேரே போகாமல் பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகத்தில்) பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போங்கள். இல்லாவிட்டால் நிபுணரைப் பார்க்கச் சலுகைக் கட்டணம் கிடைக்காது. இதை முன்கூட்டியே சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை, பில் மட்டும் சரியாக வந்துவிடும்.

கிளமீடியா இருப்பது தெரிந்தால் இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுத்து, ஒரு வாரம் உறவைத் தவிர்க்க வேண்டும். அதற்காகவாவது மனைவியிடம் விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.