பத்தாம் வகுப்புக் கணக்கு: கேட்டீர்கள், போட்டுக் காட்டுகிறேன்

(தெரியாத எண்ணை எல்லாக் கணக்கிலும் 'க' என்றே எழுதியிருக்கிறேன்.)

கேள்வி: 6க² − க − 2 = 0. நடு உறுப்பை எந்த இரண்டு எண்ணாகப் பிரிப்பது டீச்சர்?

பதில்: முதல் கெழுவையும் கடைசி எண்ணையும் பெருக்கு: 6 × (−2) = −12. பெருக்கினால் −12, கூட்டினால் −1 வரும் இரண்டு எண்கள் வேண்டும். 12 என்பது 1×12, 2×6, 3×4. இதில் வித்தியாசம் 1 உள்ள ஜோடி 3, 4. கூடுதல் குறை எண் என்பதால் பெரியதற்குக் குறைக்குறி: −4, +3.

6க² − 4க + 3க − 2 = 0
2க(3க − 2) + 1(3க − 2) = 0
(3க − 2)(2க + 1) = 0

க = 2/3 அல்லது −1/2. இரண்டாம் வரியில் அந்த 1-ஐ எழுதாமல் விடுபவர்கள்தான் மூன்றாம் வரியில் தடுமாறுகிறார்கள். பொதுவாக எடுக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும் 1 எழுது.

கேள்வி: ஒரு கார் 180 கி.மீ. போகிறது. வேகம் மணிக்கு 15 கி.மீ. கூடியிருந்தால் 1 மணி நேரம் முன்பே சேர்ந்திருக்கும். வேகம் என்ன? எனக்குச் சமன்பாடே எழுத வரவில்லை.

பதில்: எழுத்துக்கு அவசரப்படாதே தம்பி. முதலில் தமிழில் ஒரு வரி எழுது: பழைய நேரம் − புதிய நேரம் = 1. நேரம் என்பது தூரத்தை வேகத்தால் வகுத்தது. அப்புறம் அது தானாக வரும்:

180/க − 180/(க + 15) = 1
180 × 15 = க(க + 15)
க² + 15க − 2700 = 0
(க + 60)(க − 45) = 0

வேகம் −60 ஆக இருக்க முடியாது, எனவே 45. சரிபார்: 180 ÷ 45 = 4 மணி, 180 ÷ 60 = 3 மணி. கணக்கில் '30 நிமிடம்' என்றிருந்தால் 1/2 என்று எழுத மறக்காதே.

கேள்வி: 7-ஆல் வகுபடும் மூன்று இலக்க எண்கள் எத்தனை? எனக்கு 127, விடையில் 128.

பதில்: முதல் எண் 105, கடைசி 994. கழித்தால் 889, 7-ஆல் வகுத்தால் 127. நீ இங்கே நிறுத்திவிட்டாய். இந்த 127 இடைவெளிகளின் எண்ணிக்கை, எண்களின் எண்ணிக்கை அல்ல. கையை விரித்துப் பார்: விரல்கள் 5, நடுவே இடைவெளி 4. அதனால்தான் சூத்திரத்தில் அந்த +1. இதைப் புரிந்துகொண்டால் சூத்திரம் மறந்தாலும் பயமில்லை. கூடுதலும் கேட்டால்: 128/2 × (105 + 994) = 64 × 1099 = 70,336.

கேள்வி: பட்டம், 100 மீட்டர் நூல், தரையோடு 60°. உயரம் காண சைனா (sin), டேனா (tan)?

பதில்: நூல்தான் கர்ணம், உயரம் எதிர்ப்பக்கம். ஆகவே சைன். 100 × √3/2 = 50√3, அதாவது ஏறத்தாழ 86.6 மீட்டர்.

கேள்வி: என் மகள் (அ + ஆ)² என்றால் அ² + ஆ² என்றே எழுதுகிறாள். எத்தனை முறை சொன்னாலும் திரும்ப அதே தப்பு. என்ன செய்வது?

பதில்: சொல்லாதீர்கள், வரையச் சொல்லுங்கள். கிராஃப் தாளில் பக்கம் 7 கட்டம் உள்ள சதுரம். மேல்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் 3 + 4 எனப் பிரித்துக் கோடு போடட்டும். உள்ளே ஒரு 9, ஒரு 16 கட்டச் சதுரங்கள் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து 25தான், மொத்தமோ 49. மீதி 24 எங்கே என்று அவளையே தேடவிடுங்கள். மூலைகளில் 3×4 செவ்வகம் இரண்டு இருக்கும். அதுதான் அவள் விட்டுவிடும் 2அஆ.

இதைச் சின்னப் பிள்ளை வழி என்று நினைக்க வேண்டாம். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி க² + 10க = 39 என்பதை இப்படி வரைந்துதான் தீர்த்தார். க பக்கச் சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களிலும் 5 அகலச் செவ்வகம் ஒட்டினால் மூலையில் 5×5 குறையும். அதை நிரப்பினால் 39 + 25 = 64. பெரிய சதுரத்தின் பக்கம் 8, க = 3. முதல் சதுரம் கைவந்ததும் இதையும் அவளிடம் கொடுத்துப் பாருங்கள்.