முதல் கிட்டாரே மார்ட்டினா? தாராளமாக வாங்குங்கள்

ஒரு கார்டுகூட (சில சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிடிக்கத் தெரியாது, ஆனால் மனசு அமெரிக்க மார்ட்டின் நிறுவனத்தின் டி-28 கிட்டார் மேலேயே இருக்கிறது, நண்பர்களோ முதலில் மலிவாக ஒன்று வாங்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கடன் வாங்காமல் முடியுமென்றால் யோசிக்காதீர்கள். கம்பி தூக்கி நிற்கும் மட்டமான கிட்டாரில் விரல் வலி தாங்காமல்தான் பலர் பாதியில் விடுகிறார்கள்.

ஆனால் ஆன்லைனில் வேண்டாம். கடையில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பாருங்கள். டி-28க்கு உடம்பு பெரிசு. வலது தோள் தூக்கிக்கொண்டால் மார்ட்டினின் சின்ன உடம்பு மாடலான 000-28ஐக் கேளுங்கள். அதிலும் முகப்புப் பலகை ஸ்ப்ரூஸ் மரம்தான். முதுகும் பக்கமும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே ஈட்டி மர வகை.

வாங்கும்போதே செட்டப் செய்து, அதாவது கம்பி உயரத்தைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். 12வது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) தடித்த கம்பியின் உயரம் 2.5 மி.மீ. சுமாருக்கு இருக்கட்டும். 11-52 என்ற மெல்லிய கம்பி செட் போட்டால் புது விரலுக்கு இதம்.

சென்னை என்கிறீர்கள், அதுதான் என் கவலை. ஈரம் ஏறினால் முகப்பு உப்பும், கம்பியும் உயரும். தயவுசெய்து சுவரில் மாட்டாதீர்கள். பெட்டிக்குள் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரும் (ஈரப்பதம் அளக்கும் கருவி) ஈரம் உறிஞ்சும் பொட்டலமும் போட்டு, ஈரப்பதத்தை 45–55 சதவீதத்துக்குள் வைத்திருங்கள்.