கணக்கு பார்ப்பதும் சேவைதானா?

வயது வந்தோர் எழுத்தறிவு மையம் ஒன்றின் ஒருங்கிணைப்பாளர் வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணக்காளர். வயது வந்தோருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போனேன். அவர்களோ, "எங்கள் வரவு செலவைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணித் தர முடியுமா?" என்று கேட்கிறார்கள். மனது ஒப்பவில்லை. இது சேவையில் சேருமா?

பதில்: தாராளமாகச் சேரும் ஐயா. தயவுசெய்து மறுத்துவிடாதீர்கள். பாடம் நடத்த ஆள் தேடினால் எப்படியும் கிடைத்துவிடுகிறார்கள். கணக்குப் பார்க்கிறேன் என்று வருகிறவர் அபூர்வம். புத்தகம் வாங்கவென்று ஒருவர் கொடுத்த பணம் எங்கே போனது என்று தனியாகக் காட்டத் தெரியாவிட்டால், அடுத்த முறை அவர் கொடுக்க மாட்டார். பணம் நின்றால் வகுப்பும் நிற்கும்.

எழுத்தறிவுத் தொண்டு என்றாலே கற்பிப்பதுதான் என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் உண்டு. 1930களில் பிலிப்பைன்ஸில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி ஃபிராங்க் லாபாக், படித்த ஒவ்வொருவரும் இன்னொருவருக்குச் சொல்லித் தரட்டும் என்று பரப்பிய முறை அவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது. ஆனால் 1962இல் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் தன்னார்வலர் அமைப்பைத் தொடங்கிய ரூத் கால்வின், நல்ல மனது மட்டும் போதாது என்று கண்டு, வாசிப்புக் கல்வி வல்லுநர்களின் உதவியோடு தன்னார்வலர்களுக்கென்றே ஒரு பயிற்சிமுறையை உருவாக்கினார். அந்த வல்லுநர்கள் தங்களுக்குத் தெரிந்த தொழிலைக் கொடுத்தார்கள். நீங்கள் செய்யப்போவதும் அதேதான்.

எங்கள் மையத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். வருகைப் பதிவேட்டில் ஆண்டுக்கணக்காக வந்தார், வரவில்லை என்ற இரண்டே குறிகள்தான். பாதியில் நிற்பவர்கள் ஏராளம். பாடம் கடினமாக இருக்கிறதோ என்று புத்தகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தோம். புள்ளிவிவர வேலை பார்க்கும் ஒரு பெண் உதவிக்கு வந்தார். பெரிய மென்பொருள் ஏதாவது கொண்டுவருவார் என்று காத்திருந்தால், அவர் அந்தப் பதிவேட்டிலேயே ஸ்கேல் வைத்துப் பேனாவால் இன்னொரு கட்டம் போட்டார்: 'ஏன் வரவில்லை?' ஆசிரியர்கள் போன் செய்து கேட்டு, பதிலை அப்படியே எழுதினார்கள். பாடம் கடினம் என்றவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒருவருக்கு வேலை நேரம் மாறியிருந்தது. ஒருவருக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. சிலருக்கு எழுத்தே மங்கலாகத் தெரிந்திருக்கிறது. கண் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு நின்றுவிட்டார்கள். அப்புறம்தான் கண் பரிசோதகர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அந்தப் பெண் இப்போது எங்களோடு இல்லை. கட்டம் மட்டும் ஒவ்வொரு புதுப் பதிவேட்டிலும் இருக்கிறது.

அதனால் ஐயா, கணக்கைச் சரிசெய்வதோடு விட்டுவிடாதீர்கள். அலுவலகத்தில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீங்கள் வராத மாதத்திலும் அவரே எழுதும்படி பழக்குங்கள். நடுவே ஆசை வந்தால் வாரம் ஒரு வகுப்பும் எடுங்கள், யார் வேண்டாம் என்பார்கள்!

கேள்வி: நான் இணையதள வடிவமைப்பாளர். ஒரு எழுத்தறிவு மையத்துக்கு இலவசமாகத் தளம் அமைத்துக் கொடுத்தேன். ஒரு வருடமாக யாரும் அதைத் தொடவே இல்லை. என் உழைப்பு வீண்தானா?

பதில்: வருத்தம் நியாயமானது. தளத்தை யார் புதுப்பிப்பது, கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்று முதல் நாளே மையம் உங்களிடம் பேசியிருக்க வேண்டும். இப்போதும் கெட்டுப்போகவில்லை. ஒரு நாள் போய், ஊழியர் இருவருக்காவது கற்றுக்கொடுங்கள். இரண்டு பேருக்கும் நேரமில்லை என்றால், தொலைபேசி எண்ணும் வகுப்பு நேரமும் மட்டும் இருக்கிற ஒரே பக்கமாகச் சுருக்கிவிடுங்கள்.

இன்னொன்று. தளத்தைப் படிப்பவர் நன்கொடையாளர். வகுப்புக்கு வர வேண்டியவரால் அதைப் படிக்க முடியாது. உலகில் எழுதப் படிக்கத் தெரியாத வயது வந்தோர் 70 கோடிக்கும் மேல். மூவரில் ஏறக்குறைய இருவர் பெண்கள். ஏற்கெனவே படிக்கும் ஒரு பெண் தன் குரலில் பேசும் அரை நிமிட ஒலிப்பதிவு, கைக்குக் கை போனில் போய்ச் சேரும். பதிவு செய்து கொடுங்களேன்.

கேள்வி: புகைப்படக்காரர் நான். படிப்பவர்களின் படங்களை மையத்தின் ஆண்டறிக்கையில் போடலாமா?

பதில்: ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்காமல் போடாதீர்கள். தங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பதைப் பிள்ளைகளிடமும், உடன் வேலை பார்ப்பவர்களிடமும் மறைத்து வைத்திருப்பவர்கள் வகுப்பில் இருப்பார்கள். ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் மட்டும் ஆகாது. அவர்களால் அதைப் படிக்க முடியாதே! வாய்விட்டு வாசித்து, படம் எங்கே வரும், யார் பார்ப்பார்கள் என்று சொல்லி, யோசிக்க ஒரு வாரம் கொடுங்கள். தயங்குகிறவர்களை விட்டுவிடுங்கள், நோட்டில் எழுதும் கையை மட்டும் படம் எடுத்தால் போதும்.