மேடு ஏறும்போது வண்டி இழுக்கவில்லையா? கேள்வி பதில்

சமதளத்தில் பறக்கிற வண்டி மலையில் திணறுகிறது என்றுதான் இந்த முறை கேள்விகள் அதிகம். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: பார்ட்ஸ் மாற்றுவதற்கு முன்னால், லோடு இருக்கும்போது அளந்து பாருங்கள். நின்ற இடத்தில் ஐடிலிங்கில் பார்த்தால் இந்தக் கோளாறு பெரும்பாலும் கண்ணில் படாது.

நாமக்கல்லிலிருந்து: அண்ணா, 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கொல்லிமலையில் பாதி வளைவு தாண்டினால் இரண்டாம் கியரில்கூட இழுப்பதில்லை. ஏர் ஃபில்டர், பிளக் மாற்றியாகிவிட்டது. ஸ்கேனரில் கோடு (கோளாறைச் சொல்லும் எரர் கோட்) எதுவும் இல்லை.

கோடு இல்லை என்பதற்காகக் கோளாறு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். சமதளத்தில் 80இல் போகும்போது எஞ்சினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். பம்ப் தளர்ந்திருந்தாலோ, ஃபில்டர் அடைத்திருந்தாலோ அப்போதுதான் வெளியே தெரியும்.

அதே ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து லாங் டெர்ம் ஃபியூல் டிரிம் (வண்டியின் கம்ப்யூட்டர் தானாகக் கூட்டும் அல்லது குறைக்கும் பெட்ரோல் அளவு) பாருங்கள். பிளஸ் 10 சதவீதத்துக்கு மேல் நின்றால் சந்தேகம். கூடவே புகைக்குழாயிலுள்ள முன் ஆக்சிஜன் சென்சார் சாதாரண நான்கு ஒயர் வகை என்றால், முழு மிதியில் 0.8 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். 0.1, 0.2 என்று விழுந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜ். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் 3 முதல் 4 பார் வரை இருக்கும்; உங்கள் வண்டியின் சரியான அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். கேஜை வெளியே, முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து மேடு ஏறுங்கள். பெட்ரோல் ஹோஸை ஒருபோதும் கேபினுக்குள் கொண்டுவராதீர்கள். முழு மிதியில் முள் அரை பாருக்கு மேல் இறங்கினால் பம்ப், அதன் அடியிலுள்ள வலை, அல்லது ஃபில்டர்.

உடனே பம்ப் வாங்கப் போய்விட வேண்டாம். பம்ப் கனெக்டரில் வோல்டேஜ் அளந்து பாருங்கள். பேட்டரியைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ரிலே, ஒயர், எர்த் இவற்றில்தான் குறை. புதுப் பம்ப் போட்டாலும் இப்படியேதான் திணறும். பல கார்களில் பம்ப் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். கழற்றும் முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வலையில் பழுப்புச் சேறு ஒட்டியிருந்தால் டேங்கையும் கழுவியே ஆக வேண்டும்.

அதே கோளாறு, கோவையிலிருந்து: பெட்ரோல் பிரஷர் மேட்டிலும் சரியாக நிற்கிறது. அடுத்து என்ன?

புகை வெளியேறும் வழியைப் பாருங்கள். எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜ் மாட்டினால், கோவை உயரத்தில் நல்ல எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 இன்ச் (பாதரச அளவு) காட்டும். 2,500 ஆர்பிஎம்மில் அப்படியே பிடித்து வையுங்கள். முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் கேட்டலிடிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் செராமிக் பாகம்) அடைத்திருக்கிறது. உறுதி செய்ய, முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் கேஜ் போடுங்கள்: 2,500இல் 0.2 பாருக்கு மேல் போகக் கூடாது.

கன்வர்ட்டர் தானாக அடைவது அரிது. ஏதோ ஓர் இக்னிஷன் காயிலோ பிளக்கோ மிஸ் அடித்து, எரியாத பெட்ரோல் உள்ளே போய்ச் செராமிக்கை உருக்கியிருக்கும்; அல்லது எஞ்சின் ஆயில் குடிக்கும். அதைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால், அதுவும் உருகும்.

பொள்ளாச்சியிலிருந்து: சார், 1.3 டீசல். வால்பாறை ஏறும்போது திடீரென்று சக்தி போய்விடுகிறது. ஓரம்கட்டி ஆஃப் செய்து ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. டர்போ மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

மாற்றாதீர்கள், இப்போதைக்கு. ஆஃப் செய்து போட்டால் சரியாகிறது என்றால், இசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) எஞ்சினைக் காப்பாற்ற சக்தியைக் குறைக்கும் லிம்ப் மோடுக்குப் போகிறது. கோடு உள்ளே பதிவாகியிருக்கும். அதை அழிக்கவிடாமல் முதலில் படிக்கச் சொல்லுங்கள்.

பி0299 என்றால் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், குறைவு. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களை அடிப்பக்கம் தடவிப் பாருங்கள். ஆயில் ஈரத்தில் தூசி அப்பிய கோடு போல ஓர் இடம் கைக்குத் தட்டுப்படும். அந்த வெடிப்பு சும்மா இருக்கும்போது மூடியே இருக்கும், அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும். இன்டேக்கை அடைத்து 0.7 பார் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். பி0234 என்றால் பூஸ்ட் அதிகம்: விஜிடி வகை டர்போவில் கரி படிந்து, உள்ளே அசையும் சிறு தகடுகள் (வேன்) சிக்கியிருக்கலாம், கன்ட்ரோல் ஹோஸையும் பாருங்கள். பி0087 என்றால் ரயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் குழாயின் அழுத்தம், குறைவு: டர்போவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, டீசல் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள், அடியில் தேங்கிய தண்ணீரையும் வடியுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு டர்போ ஷாஃப்டைக் கையால் ஆட்டுங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம். பிளேடு ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தால் டர்போ போய்விட்டது.

சேலத்திலிருந்து: ஏற்காடு ரோட்டில் ஆர்பிஎம் 4,000 ஏறுகிறது, வேகம் 30ஐத் தாண்டவில்லை. கருகிய வாடை வருகிறது.

எஞ்சின் நன்றாகவே இருக்கிறது, கிளட்ச்தான் வழுக்குகிறது. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றும்போது கிராங்க்கின் பின்பக்க சீலில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள்; கசிந்தால் புதுப் பிளேட்டும் நனையும். வளைவில் காத்திருக்கும்போது ஹேண்ட்பிரேக் போடுங்கள், கிளட்ச்சில் வண்டியைத் தாங்காதீர்கள்.

ஊட்டியிலிருந்து: புதிய பெட்ரோல் கார், சர்வீஸில் குறை எதுவும் இல்லை என்கிறார்கள். கீழே இருந்த பிக்கப் இங்கே இல்லையே?

அவர்கள் சொல்வது சரி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் சுமார் 101 கிலோபாஸ்கல், அங்கே சுமார் 77. டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள்: எஞ்சின் ஓடாமல் இக்னிஷன் ஆன் செய்து மேப் சென்சார் (இன்டேக் காற்றழுத்தத்தை அளப்பது) அளவைப் பாருங்கள். ஊட்டியில் அது 100 காட்டினால் சென்சார் கெட்டுவிட்டது.

மூன்றாம் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் அழுத்தி மிதிக்காதீர்கள். எஞ்சின் நாக் ஆகும் (உள்ளே தட்டும் சத்தம் வரும்), இசியூ பிளக் பொறி டைமிங்கைப் பின்தள்ளும், இருக்கிற சக்தியும் குறையும். இரண்டாம் கியரில் 2,500 முதல் 3,500 வரை வைத்து ஏறுங்கள். செங்குத்தான இடத்தில் ஏசியை அணைத்துவிடுங்கள்.

தேனியிலிருந்து: எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் கனமாகவே இருக்கிறது.

சமதளத்தில் பிரேக் அதிகம் மிதிக்காமல் 10 கி.மீ. ஓட்டி நிறுத்துங்கள். நான்கு வீலுக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள், டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் காலிப்பரின் பின் (ஊசி) இறுகி, பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. ஜாக்கி போட்டு அந்த வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள்.