சுயநலம் என்றால் என்ன என்று குழந்தைகளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

6 வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அகராதிப் பொருள் எடுபடாது, நான் முயன்று பார்த்தாயிற்று. "தன்னைப் பத்தி மட்டும் நினைக்கிறது" என்றதற்கு என் மகன், "என்னைப் பத்தி நான் நினைக்காம வேற யாரு நினைப்பா?" என்றான். நியாயம்தானே!

அப்புறம் ஒரு மழை நாளில் வாழைக்காய் பஜ்ஜி கைகொடுத்தது. தட்டில் மிச்சமிருந்த நான்கையும் இவனே தின்றுவிட்டான், அடுப்படியில் நின்று சுட்டுப் போட்ட ஆச்சி ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை. "எனக்குப் பசிச்சுது, அது சுயநலமா?" என்று கேட்டான். பசித்தது தப்பில்லை, நாலும் வேண்டும் என்று ஆசைப்பட்டதும் தப்பில்லை, ஆச்சி சாப்பிட்டாங்களா என்று ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே, அதுதான் சுயநலம் என்றேன். இது சட்டென்று பிடிபட்டது. மறுநாள் கடலைமிட்டாயைச் சட்டை நுனியில் சுற்றிக் காக்காக்கடி கடித்துத் தங்கைக்குக் கொடுத்தான் (சட்டையைத் துவைத்தது நான்).

அதற்காக, புது சைக்கிளைத் தரமாட்டேன் என்றால் அதற்கும் 'சுயநலக்காரன்' என்று பட்டம் கட்டாதீர்கள். அது அவனுடையது. "நீ பெரியவன்தானே, விட்டுக்கொடு" என்று பிடுங்கிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடே கிடையாது.

வயதும் ஒரு காரணம். 2008இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில் சுவிட்சர்லாந்துக் குழந்தைகளை மிட்டாய் பங்கிட வைத்துப் பார்த்தார்கள். 3, 4 வயதுக்காரர்கள் பெரும்பாலும் தங்களுக்குத்தான் பார்த்துக்கொண்டார்கள், 7, 8 வயதில்தான் நிறையப் பேர் சமமாகப் பிரித்தார்கள். அதிலும் தங்கள் வகுப்புப் பிள்ளை என்றால் கை தாராளம், வேறு இடத்துப் பிள்ளை என்றால் கொஞ்சம் சுருங்கியது.

இதில் நானே மாட்டினேன். போன மாதம் ஊருக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு மூன்று சீட் பிடித்தேன்.

"அப்பா, இது சுயநலமா?"

"ஆச்சி நிக்க முடியாதுல்லடா, அவங்களுக்காகத்தான்."

"அப்போ கைல பாப்பாவை வச்சுக்கிட்டு நிக்கிறாங்களே, அந்த அக்கா?"

இறங்கும்வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேதான் வந்தேன்.