கார்ப்பரேட் வரிக் குறைப்பு விவாதம்: வாசகர் கேள்விகள்

நிறுவனங்கள் லாபத்தின் மீது கட்டும் கார்ப்பரேட் வரியை 2019 செப்டம்பர் 20 அன்றே 30%-லிருந்து 22% ஆகக் குறைத்துவிட்டார்கள். பிறகு டிசம்பரில் நாடாளுமன்றம் எதை விவாதித்தது?

செப்டம்பரில் வந்தது அவசரச் சட்டம். நாடாளுமன்றம் மீண்டும் கூடியதிலிருந்து ஆறு வாரத்துக்குள் மசோதா நிறைவேறாவிட்டால் அது காலாவதி. மக்களவை டிசம்பர் 2 அன்று நிறைவேற்றியது. மாநிலங்களவையில் 5ஆம் தேதி முடிந்தது.

மாநிலங்களவை நினைத்திருந்தால் தடுத்திருக்கலாமா?

முடியாது. அது பண மசோதா, அதாவது வரி, அரசுச் செலவு போன்றவற்றை மட்டும் பற்றியது. 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். பரிந்துரை சொல்லலாம், ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம்.

இன்னும் குறைக்கச் சொல்லி ஓர் எம்.பி. திருத்தம் கொடுக்கலாமா?

தாராளமாக. அரசமைப்புச் சட்டத்தின் 117ஆவது பிரிவின்படி, வரியைக் குறைக்கும் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை தேவையில்லை. வரியைக் கூட்டச் சொன்னால்தான் தேவை. அந்தப் பரிந்துரை அமைச்சரவை சொல்லித்தான் வரும் என்பதால், எதிர்க்கட்சிக்கு அந்த வழி அடைத்த மாதிரிதான்.

இதில் மாநிலங்களுக்கு என்ன இழப்பு?

அவையில் இதைத்தான் அதிகம் பேசியிருக்க வேண்டும். 100 கோடி ரூபாய் லாபம் காட்டும் பெரிய நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கில் அடிப்படை வரி 30 கோடி. அந்த வரியின் மேல் 12% சர்சார்ஜ் (கூடுதல் வரி), இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் 4% செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான வரி), ஆக மொத்தம் 34.944 கோடி. புதிய கணக்கில் அடிப்படை 22 கோடி. சர்சார்ஜ் 10%, செஸ் 4%, மொத்தம் 25.168 கோடி. குறைந்தது 9.776 கோடி. மாநிலங்களோடு பங்கிடுவது அடிப்படை வரியை மட்டும்தான். சர்சார்ஜும் செஸும் முழுக்க மத்திய அரசுக்கே. அந்த அடிப்படை வரியில் குறைந்தது 8 கோடி. அப்போதைய 42% பங்கின்படி மாநிலங்கள் இழந்தது 3.36 கோடி. சர்சார்ஜை முதலில் எடுத்திருந்தால் மாநிலங்களுக்கு விழுந்த அடி குறைந்திருக்கும்.

22% வேண்டுமென்றால் புதிதாக முதலீடு செய்ய வேண்டுமா?

வேண்டாம். குறிப்பிட்ட வரிச்சலுகைகளைக் கைவிட்டால் போதும். 2019 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் பதிவாகி, 2024 மார்ச் 31க்குள் உற்பத்தியைத் தொடங்கிய புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கானது 15% விகிதம். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் வாதம் அங்கேயே சறுக்கும்.

சிறிய நிறுவனத்துக்கும் 8% மிச்சமா?

இல்லை. விற்றுமுதல் 400 கோடிக்குள் இருந்தவர்களுக்கு ஏற்கெனவே 25%தான். வருமானம் ஒரு கோடிக்குள் என்றால் சர்சார்ஜ் கிடையாது; செஸ் சேர்த்து 26%. புதிய முறையில் வருமானம் எவ்வளவு குறைவானாலும் 10% சர்சார்ஜ் உண்டு, ஆகவே 25.168%. மிச்சம் ஒரு சதவீதம்கூட இல்லை. புதிய இயந்திரங்களுக்கான கூடுதல் தேய்மானச் சலுகை வாங்கிக்கொண்டிருந்தவருக்கு நஷ்டமாகவும் முடியலாம். ஒருமுறை மாறிவிட்டால் பழைய முறைக்குத் திரும்பவும் முடியாது.