ஹாஸ்பிஸ் நிர்வாகமும் நோயாளி பராமரிப்பும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஹாஸ்பிஸ், அதாவது குணமாகாத நோயாளிகளுக்கு இறுதிக்காலப் பராமரிப்பு தரும் அமைப்பு ஒன்றின் செவிலியராக வீடு வீடாகச் சென்று பணியாற்றிய பின், செவிலியர் குழு ஒன்றை மேற்பார்வையிடும் பொறுப்பிலும் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். நிர்வாகத்தின் போக்கு பணியாளர்களையும் நோயாளிகளையும் எப்படிப் பாதிக்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே பொருளுடைய கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். நான் குறிப்பிடும் விதிகளில் பெரும்பாலானவை மெடிகேரின் (முக்கியமாக 65 வயதைக் கடந்தோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) ஹாஸ்பிஸ் திட்டத்துக்கு உரியவை.

கேள்வி: என் தந்தைக்கு இதயச் செயலிழப்பு. ஹாஸ்பிஸில் சேர்ந்த புதிதில் ஒரே செவிலியர் வாரம் இருமுறை வந்து, பொறுமையாக உட்கார்ந்து பேசுவார். மூன்றாவது மாதத்திலிருந்து ஒவ்வொரு முறையும் வேறொருவர் வருகிறார். டேப்லெட்டைப் பார்த்தபடியே நாலு கேள்வி கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார். இது செவிலியரின் அலட்சியமா, நிறுவனத்தின் போக்கா?

பெரும்பாலும் நிறுவனத்தின் போக்குதான். இதைப் புரிந்துகொள்ளப் பணம் வரும் வழியைப் பார்க்க வேண்டும். மெடிகேர் ஹாஸ்பிஸ் நிறுவனத்துக்கு நாள் கணக்கில் பணம் கொடுக்கிறது. வீட்டில் வழக்கமான பராமரிப்பில் இருக்கும் நோயாளியைப் பார்க்க அன்றைக்கு ஒருவர் வந்தாலும், யாருமே வராவிட்டாலும், அந்த நாளுக்கான தொகை ஒன்றுதான். 2016 முதல் இது இரண்டு படிகளாக இருக்கிறது: முதல் 60 நாட்களுக்கு உயர்ந்த விகிதம், 61ஆம் நாளிலிருந்து குறைந்த விகிதம். 2025 நிதியாண்டில், ஊருக்கு ஊர் செய்யப்படும் ஊதியச் சரிக்கட்டலுக்கு முன், இவை ஏறத்தாழ 225 டாலரும் 177 டாலருமாக இருந்தன. சேர்க்கையின்போது வேலை அதிகம் என்பதால் இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால், மருந்துக்கும் கட்டிலுக்கும் ஆக்சிஜன் கருவிக்கும் ஒப்பந்த விலை நிர்ணயமாகிவிட்ட பிறகு, நினைத்த மாத்திரத்தில் குறைக்கக்கூடிய செலவாக நிர்வாகத்தின் கண்ணுக்குப் படுவது செவிலியரின் நேரம் ஒன்றுதான். உங்கள் வீட்டில் மூன்றாவது மாதத்தில் மாற்றம் தெரிந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் நான் அப்படிக் கருத மாட்டேன்.

ஆள் மாறிக்கொண்டே இருப்பது இதன் அடுத்த கட்டம். நேரம் குறைக்கப்பட்ட செவிலியர் வேலையை விட்டுப் போகிறார், மீதமிருப்போர் அவருடைய நோயாளிகளையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், பிறகு அவர்களிலும் சிலர் போகிறார்கள். இதயச் செயலிழப்பு நோயாளிக்கு இது சிறிய இழப்பு அல்ல. போன வாரத்தைவிடக் கால்வீக்கம் கூடியிருக்கிறதா, இரண்டு தலையணையில் படுத்தவர் இப்போது நாற்காலியிலேயே உறங்குகிறாரா என்பதெல்லாம் தொடர்ந்து பார்த்தவருக்கே தெரியும். இன்று முதன்முறையாக வருபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவரிடம் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எத்தனை நாளுக்கு ஒருமுறை யார் வர வேண்டும் என்பது பராமரிப்புத் திட்டத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், ஆன்மிக ஆலோசகர் அடங்கிய குழு அதை 15 நாட்களுக்கு ஒருமுறையேனும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது விதி. வருகை குறைக்கப்பட்டதற்கு என்ன மருத்துவக் காரணம் எழுதப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். வருகிற செவிலியரிடம் அல்ல, அவருடைய மேலாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் லாப நோக்கம்தான் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் முதல் ஹாஸ்பிஸ் 1974இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கியபோது இது தன்னார்வத்தில் ஊன்றிய ஓர் இயக்கமாகத்தான் இருந்தது. அதன் தடயமாக, நோயாளிப் பராமரிப்பு நேரத்தில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் தொண்டர்கள் தர வேண்டும் என்ற விதி இன்றும் இருக்கிறது. மெடிகேர் பணம் கொடுக்க 1982இல் சட்டம் வந்தது. இன்று நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட ஹாஸ்பிஸ்கள் லாப நோக்குடையவை. நோயாளிகளின் குடும்பத்தார் அளித்த மதிப்பீடுகளை வைத்து 2023இல் வெளியான ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஆய்வில், லாப நோக்குடைய ஹாஸ்பிஸ்கள் சராசரியாகப் பின்தங்கியிருந்தன. அதே ஆய்வு அவற்றுக்குள்ளேயே பெரிய ஏற்றத்தாழ்வு இருப்பதையும் காட்டியது.

லாப நோக்கற்ற அமைப்புகளிலும் அதே கணக்குத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும் நிர்வாகிகளைப் பார்த்திருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு நோயாளியை இன்றைக்குப் போய்ப் பார்க்க வேண்டுமா, எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? நோயாளியை அறிந்தவரா, அவரை ஒருபோதும் பார்த்திராதவரா? முடிவு இரண்டாமவரிடம் போய்விட்ட இடத்தில், நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் விளைவு ஒன்றுதான்.

கேள்வி: நான் வீட்டுக்குச் செல்லும் ஹாஸ்பிஸ் செவிலியர். வழக்கமான வருகைக்கு 1 புள்ளி, சேர்க்கைக்கு 2.5 புள்ளி, நாளொன்றுக்கு 5 புள்ளி எடுக்க வேண்டும் என்று எங்கள் நிர்வாகம் வைத்திருக்கிறது. மரண வருகைக்கும் 1 புள்ளிதான். பயண நேரத்துக்கும் மருந்தகத்தோடு மல்லுக்கட்டும் நேரத்துக்கும் புள்ளியே இல்லை. சார்ட்டிங்கை (நோயாளி பற்றிய பதிவுகளை எழுதுவதை) இரவு வீட்டில் செய்கிறேன். இதை எப்படி எதிர்கொள்வது?

உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. புள்ளிமுறை அளப்பது வருகையின் எண்ணிக்கையை. உங்கள் வேலையின் பெரும்பகுதி வருகைகளுக்கு இடையில் நடக்கிறது. மார்ஃபின் அளவை மாற்ற மருத்துவரைத் தொலைபேசியில் பிடிப்பது, மாலைக்குள் மருந்து வந்து சேருமா என்று உறுதிசெய்வது, ஊரிலிருந்து புறப்பட்ட மகளுக்கு "இன்றே வாருங்கள்" என்று சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது ஆகிய எதற்கும் அந்த அட்டவணையில் இடமில்லை. அளக்கப்படாத வேலையை மனச்சாட்சியுள்ளவர் தம் சொந்த நேரத்தில் செய்கிறார். அவ்வாறு செய்யாதவர் புள்ளிப் பட்டியலில் முன்னே நிற்கிறார். நிர்வாகம் தன்னை அறியாமலேயே யாரைத் தக்கவைத்துக்கொள்கிறது, யாரை வெளியேற்றுகிறது என்பதைப் பாருங்கள்.

மரண வருகைக்கு ஒரே புள்ளி என்பது என்னைக் கோபப்படுத்துகிறது. மரணத்தை அறிவிப்பது, உடலைத் துடைத்துச் சீர்செய்வது, மிச்சமுள்ள மருந்தை விதிப்படி அழிப்பது, அடக்க ஏற்பாட்டாளர் வரும்வரை குடும்பத்தோடு இருப்பது என இரண்டு மூன்று மணி நேரம் எளிதாகப் போகும் பணி அது. அதற்கு முந்தைய நாட்களும் அப்படித்தான். உங்கள் மேலாளருக்கு ஒரு கணக்கை நினைவூட்டுங்கள்: வழக்கமான வீட்டுப் பராமரிப்பில் இருக்கும் நோயாளியின் கடைசி 7 நாட்களில் பதிவுபெற்ற செவிலியரோ சமூகப் பணியாளரோ நேரில் சென்று செலவிடும் நேரத்துக்கு, நாளொன்றுக்கு 4 மணி நேரம் வரை, மெடிகேர் 2016 முதல் தனியாகக் கூடுதல் பணம் தருகிறது. அந்த நாட்களில் உங்களை அவசரப்படுத்துவது, மனிதாபிமானத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்காகவே பார்த்தாலும் மோசமான கணக்கு.

அடுத்து உங்கள் உரிமைகள். மணிக்கூலி பெறும் பணியாளர் பணி நாளுக்குள் ஒரு நோயாளியின் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பயணிக்கும் நேரம், கூட்டாட்சி ஊதியச் சட்டப்படி வேலை நேரமே. நிர்வாகத்துக்குத் தெரிந்து வீட்டில் செய்யும் சார்ட்டிங்கும் அவ்வாறே. வருகைக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஊதியம் வந்தால் நிலை சற்றுச் சிக்கலானது; தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை பேசுவது நல்லது. சக செவிலியர்களோடு சேர்ந்து ஊதியம், பணிச்சுமை பற்றிப் பேசுவதற்கு 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. தனியார் நிறுவனங்களில், மேற்பார்வையாளர் அல்லாதவர்களுக்கு அது பொருந்தும். இரண்டு வாரத்துக்கு உங்கள் நேரத்தைத் தொலைபேசி, பயணம், சார்ட்டிங் எனப் பிரித்து எழுதிவைத்து, தனியாளாக இல்லாமல் மூன்று நான்கு பேராகச் சென்று காட்டுங்கள். ஒருவர் போனால் "நேர நிர்வாகப் பயிற்சி" தருவதாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று சட்டம் எதுவும் இல்லையா?

கூட்டாட்சி விதிகளில் அப்படி எண் எதுவும் இல்லை. நோயாளியின் தேவைக்குப் போதுமான பணியாளர் வேண்டும் என்ற பொதுவான வாசகம்தான் இருக்கிறது.

கேள்வி: நான் ஹாஸ்பிஸ் உதவியாளர். குளிப்பாட்டும் வருகையை 30 நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். பெரும்பாலானோர் டிமென்ஷியா நோயாளிகள். எங்கள் குரல் யார் காதிலும் ஏறுவதில்லை.

டிமென்ஷியா நோயாளி பயந்து கையை இறுக்கிக்கொண்டால், அந்தக் கை தானாகத் தளரும்வரை காத்திருப்பதே உங்கள் திறமை. அதை 30 நிமிடத்துக்குள் அடைத்தால் அவசரப்பட்டு இழுக்க நேரும்; தோல் கிழியும், அவர் அடிப்பார், உங்கள் முதுகு போகும். வாலெலும்பு இருக்கும் இடத்தில் படுக்கைப்புண் தொடங்குவதை முதலில் காண்பவரும் நீங்கள்தான். அவசரத்தில் அது விட்டுப்போனால் பிறகு மாதக்கணக்கில் கட்டுப்போட வேண்டியிருக்கும். செவிலியர் 14 நாட்களுக்கு ஒருமுறையேனும் நோயாளியின் வீட்டுக்குச் சென்று உதவியாளரின் பராமரிப்பை மதிப்பிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் செவிலியரிடம், "நேரம் போதவில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், "இன்று முதுகுப் பக்கம் துடைக்க முடியவில்லை" என்று சொல்லி, உங்கள் பதிவிலும் அப்படியே எழுதுங்கள். செய்யாததைச் செய்ததாக மட்டும் குறியிட்டுவிடாதீர்கள். பின்னாளில் பழி உங்கள் மீதே விழும்.

கேள்வி: இரவு 2 மணிக்கு என் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. அழைப்பு மையத்தில் பேசியவர் வேறு மாநிலத்தில் இருந்தார். மருந்துப் பெட்டியைத் திறந்து கொடுக்கச் சொன்னார். செவிலியர் வர நான்கு மணி நேரம் ஆனது. இது வழக்கம்தானா?

நடக்கிறது, நடக்கக் கூடாது. செவிலியர் சேவையும் மருந்தும் 24 மணி நேரமும் கிடைக்க வேண்டும் என்பது மெடிகேர் திட்டத்தில் பங்கேற்க ஹாஸ்பிஸுக்கு உள்ள நிபந்தனை. தொலைபேசியில் வழிகாட்டுவது தவறல்ல. முன்பே வீட்டில் வைக்கப்பட்ட மார்ஃபினை உடனே கொடுத்தது அம்மாவுக்கு நன்மையே செய்திருக்கும். தவறு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பல வட்டாரங்களுக்கும் சேர்த்து ஓர் இரவுச் செவிலியரை வைத்துவிட்டு, அவர் வந்து சேர முடியாத தூரத்தை "மறுமொழி நேரம்" என்ற பெயரில் அறிக்கையில் எழுதுவது நிர்வாகத்தின் முடிவு. பகல் முழுதும் பணி செய்தவரையே இரவு அழைப்புக்கும் போடுவது இன்னொரு வழக்கம். தூக்கம் இல்லாதவர் மருந்தளவைக் கணக்கிட்டுவிட்டுக் காரோட்டிச் செல்கிறார் என்பதை யாரும் ஆபத்தாகக் கருதுவதில்லை.

உங்களுக்குச் சொல்லப்படாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வழக்கமான வீட்டுப் பராமரிப்பையும் சேர்த்து ஹாஸ்பிஸில் நான்கு நிலைகள் உண்டு. அறிகுறிகள் கட்டுக்கடங்காதபோது, 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்குக் குறையாமல், பாதிக்கு மேல் செவிலியராலேயே தரப்படும் தொடர் வீட்டுப் பராமரிப்பு ஒன்று. மருத்துவமனை போன்ற இடத்தில் தரும் பொது உள்நோயாளிப் பராமரிப்பு இன்னொன்று. குடும்பத்தார் இளைப்பாறத் தொடர்ந்து 5 நாட்கள் வரை நோயாளியை வேறிடத்தில் வைத்துப் பார்ப்பது மூன்றாவது. ஆளில்லாத நிறுவனம் முதலாவதைப் பற்றி வாயே திறக்காது. மூச்சுத்திணறல் மீண்டும் வந்தால், "தொடர் பராமரிப்பு நிலைக்கு மாற்றுங்கள்" என்று அதன் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

கேள்வி: சமூகப் பணியாளராக இருக்கிறேன். என் பொறுப்பில் இருப்போர் எண்ணிக்கை மாதா மாதம் ஏறுகிறது. துக்க ஆலோசனையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மரணத்துக்குப் பின் ஓராண்டு வரை குடும்பத்துக்குத் துக்க ஆதரவு கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் அதற்கென்று தனித் தொகை கிடையாது. ஆகவே அச்சிட்ட கடிதங்களை அனுப்பி விதியை நிறைவேற்றிவிடுகிறார்கள். நீங்கள் எல்லோரையும் பார்க்க முடியாது. பிள்ளையை இழந்தவர், வாழ்க்கைத்துணை போனபின் தனித்து விடப்பட்டவர், முன்பே தற்கொலை எண்ணம் இருந்தவர் ஆகியோரை முதலில் பிரித்தெடுத்து, மற்றவர்களைப் பார்க்க இயலவில்லை என்று குழுக் கூட்டக் குறிப்பிலேயே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: ஒரு நோயாளி ஓராண்டாக நிலையாக இருக்கிறார். "சரிவு தெரியும்படி எழுது" என்று மேலாளர் சொல்கிறார். இன்னொருவரை, வாரக்கணக்கில் அதிகச் செலவு வைப்பவர் என்பதால், தகுதி இல்லை என்று விடுவிக்கச் சொல்கிறார்.

இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். வேலை குறைவாகவும் நாட்கள் அதிகமாகவும் இருப்பவர் லாபம், மற்றவர் நஷ்டம். நிறுவனம் ஆண்டில் பெறும் தொகைக்கு, நோயாளி ஒருவருக்குச் சராசரியாக இவ்வளவு என்ற உச்சவரம்பும் இருக்கிறது (2025 நிதியாண்டில் ஏறத்தாழ 34,000 டாலராக இருந்தது). ஆண்டுக் கணக்கு முடியும் சமயத்தில் உயிருடன் விடுவிக்கப்படுவோர் கூடினால் அதையும் கவனியுங்கள். அந்த வரம்பு நிறுவனத்துக்கு உரியது. அதைக் காட்டி எந்த நோயாளியையும் வெளியே அனுப்ப முடியாது.

கண்டதை மட்டும் எழுதுங்கள். எடை, கைச்சுற்றளவு, உணவின் அளவு, நடக்க முடிந்த தூரம் ஆகியவற்றை எண்ணாகப் பதியுங்கள். ஹாஸ்பிஸ் தகுதிக்குத் தேவையான, ஆயுள் ஆறு மாதமோ அதற்குக் குறைவோ என்ற சான்றை அளிப்பது மருத்துவரின் பொறுப்பு. அவர் சரியாக முடிவெடுக்க உங்கள் பதிவு உண்மையாக இருக்க வேண்டும். பொய்யான கோரிக்கை தொடர்ந்தால், 1863ஆம் ஆண்டின் பொய்க் கோரிக்கைச் சட்டப்படி தனிநபரே அரசின் சார்பில் வழக்குத் தொடரலாம், பழிவாங்கலுக்கு எதிரான பாதுகாப்பும் உண்டு. 2017இல் நாட்டின் மிகப்பெரிய லாப நோக்கு ஹாஸ்பிஸ்களில் ஒன்று, தகுதியற்றவர்களுக்கும் தேவையற்ற உயர்நிலைப் பராமரிப்புக்கும் பணம் கோரியதாக எழுந்த குற்றச்சாட்டில் 75 மில்லியன் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. ஆனால் இந்த வழி நீண்டது, தனிமையானது. அதற்கென உள்ள வழக்கறிஞரைப் பார்க்காமல் அலுவலகத்தில் யாரிடமும் வாய்விட வேண்டாம். நோயாளிகளின் பதிவுகளைப் படியெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம்.

கேள்வி: புகார் கொடுத்தால் ஏதேனும் நடக்குமா?

முன்பைவிட நடக்கும். 2012 முதல் 2016 வரையிலான ஆய்வுகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஹாஸ்பிஸ்களில் குறைந்தது ஒரு குறைபாடாவது இருந்தது என்று கூட்டாட்சி சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2019இல் அறிவித்தது. அப்போது அரசிடம் இருந்த ஆயுதம், மெடிகேரிலிருந்து நீக்குவது ஒன்றே. அதை எடுக்கத் தயங்குவார்கள். பிறகு வந்த சட்டம் அபராதம் போன்ற இடைப்பட்ட தண்டனைகளுக்கும் வழிசெய்தது. மாநில ஆய்வு அமைப்புக்குத் தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்ற விவரங்களோடு எழுதுங்கள்.

கேள்வி: இடையில் வேறு ஹாஸ்பிஸுக்கு மாறலாமா? பலன்கள் போய்விடுமா?

மாறலாம். ஒவ்வொரு பலன் காலத்திலும் ஒருமுறை நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை இருக்கிறது. முதல் இரண்டு காலங்கள் தலா 90 நாட்கள், அதன்பின் 60 நாட்கள் வீதம். பலன்கள் தொடரும். பழைய நிறுவனத்திடமும் புதிய நிறுவனத்திடமும் கையொப்பமிட்ட அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். கட்டிலும் ஆக்சிஜனும் பழைய நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் வந்தவையாக இருக்கும், ஆகையால் புதியவை வந்து இறங்கிய பிறகே பழையவற்றை எடுத்துச் செல்ல விடுங்கள். மருந்தும் குறைந்தது மூன்று நாளுக்குக் கையிருப்பில் இருக்கட்டும். மாறும் முன் புதிய நிறுவனத்திடம், சென்ற மாதம் எத்தனை செவிலியர்கள் விலகினார்கள் என்றும், இரவில் வருபவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றும் கேட்டுவிடுங்கள்.